ஆற்றுத் தண்ணீரில் கடலுக்கும் ஒரு பங்கு எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் எல்லாப் பத்திரிகைகளிலும் ஒரு செய்தி தவறாமல் வரும், இந்த ஆற்றில் இத்தனை டிஎம்சி தண்ணீர் வீணாகக் கடலில் கலந்தது என்று. உங்கள் பத்திரிகையிலும் வருகிறது. நான் தேவிபட்டினத்துக்காரன், மீன் கமிஷன் கடை வைத்திருந்தேன், இப்போது மகன் பார்க்கிறான். வடகடலில், அதாவது பாக் விரிகுடாவில், கிடைக்கிற மீனை வைத்துத்தான் எங்கள் சாப்பாடு, பிள்ளைகள் படிப்பு, கல்யாணம் காட்சி எல்லாமே. கடலுக்குப் போகிற ஆற்றுத் தண்ணீர் வீண் என்று படிக்கும்போதெல்லாம் மனசு கேட்பதில்லை. இந்தத் தடவை எழுதியே தீர்வது என்று உட்கார்ந்ததற்குக் காரணம், கொஞ்ச நாளாக நான் தேடித் தேடிப் படித்து வருகிற சால்மன் மீனின் கதை.

சால்மன் நம் கடலில் இல்லை, அது குளிர்ந்த கடல் மீன். மலை ஓடையில் கூழாங்கற்களுக்கு நடுவே முட்டையிலிருந்து வெளிவந்து, ஆற்றோடு இறங்கிக் கடலுக்குப் போய், சில வருடம் அங்கே தின்று பெருத்து, அப்புறம் தான் பிறந்த அதே ஆற்றின் வாசனையைப் பிடித்துக்கொண்டு, நீரோட்டத்தை எதிர்த்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஏறி வந்து முட்டையிடும். பசிபிக் கடலின் சால்மன் வகைகள் பெரும்பாலும் முட்டையிட்டதும் அங்கேயே செத்துப்போகும். அந்த உடம்பு கரடிக்கும் கழுகுக்கும் இரை, ஆற்றோர மரங்களுக்கு உரம். கடலில் சேர்த்த சத்தை மலைக்குச் சுமந்துபோய்க் கொடுக்கிற மீன் என்றே சொல்லலாம். அப்படிப்பட்ட மீனுக்கு ஆறு நடுவில் அடைபட்டால் வேறு போக்கிடம் கிடையாது.

அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றில் 1850-க்கு முன்பு வருடத்துக்கு ஒரு கோடியிலிருந்து 1.6 கோடி வரை சால்மன்கள் ஏறியதாக மதிப்பிடுகிறார்கள். அப்புறம் டப்பாவில் அடைக்கும் ஆலைகள் வந்தன, கணக்கில்லாமல் பிடித்தார்கள், காட்டை வெட்டினார்கள், பிறகு அணைகள். 1938-ல் வந்த பானவில் அணையில் மீன் ஏறிப் போகப் படிப்படியாகத் தொட்டி கட்டி வழி வைத்தார்கள், மீன் ஏணி என்பார்கள். 1942-ல் முடிந்த கிராண்ட் கூலி அணையில் அதுவும் இல்லை. அதற்கு மேலே இருந்த ஆறும் கிளையாறுகளும் ஒரே அடியாகச் சால்மனுக்கு மூடிப்போயின. 1957 மார்ச் 10 அன்று இன்னொரு அணையின் கதவுகளை மூடினார்கள், சில மணி நேரத்தில் செலைலோ அருவி தண்ணீருக்குள் போய்விட்டது. பூர்வகுடி மக்கள் ஆயிரக்கணக்கான வருடமாக மீன் பிடித்த இடம் அது. கரையில் நின்று பார்த்தவர்கள் அழுதார்கள் என்று படித்தபோது எனக்கும் தாங்கவில்லை. இன்று அந்த ஆற்றுக்குத் திரும்பும் மீன் பழைய கணக்கில் ஒரு சிறு பங்குதான், அதிலும் பெரும்பகுதி குஞ்சு பொரிப்பகத்தில் பிறந்தது. அதன் கிளையாறான ஸ்நேக் ஆற்றின் வழியாக ரெட்ஃபிஷ் ஏரிக்கு 1992-ல் திரும்பிய சாக்கை என்கிற சால்மன் வகை எத்தனை தெரியுமா? ஒன்று. ஒரே ஒரு ஆண் மீன்.

ஐரோப்பாப் பக்கமும் இதே நிலைமைதான். அட்லாண்டிக் சால்மன் 2006-க்கும் 2020-க்கும் இடையில் 23 சதவீதம் குறைந்துவிட்டது என்று 2023-ல் ஐயுசிஎன் என்கிற உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு அதை அபாயத்தை நெருங்கும் இனங்களின் பட்டியலில் சேர்த்தது. மீனுக்குப் பேர்போன நார்வேயிலேயே 2024 கோடையில் 33 ஆறுகளில் சால்மன் பிடிக்கத் தடை போட்டார்கள். கலிபோர்னியாவில் 2023-லிருந்து மூன்று வருடம் தொடர்ந்து சால்மன் தொழிலுக்கே தடை, படகுகள் கரையில் கிடந்தன.

ஆனால் என்னை உலுக்கியது கிளாமத் ஆற்றின் கதை. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் தொடங்கிக் கலிபோர்னியா வழியாகக் கடலில் சேர்கிற ஆறு அது. மேலே பாசன விவசாயிகள், கீழே சால்மனை நம்பி வாழும் யூரோக் போன்ற பூர்வகுடிகள், நடுவில் மின்சார அணைகள். 2001-ல் கடும் வறட்சி. அழிவின் விளிம்பில் இருக்கிற மீன்களைக் காப்பாற்றச் சட்டப்படி தண்ணீர் விட வேண்டும் என்று பாசனத் தண்ணீரைத் திடீரென நிறுத்தினார்கள். பயிர் காய்ந்து விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது, விதைக்கிற நேரத்தில் தண்ணீர் இல்லை என்றால் யார்தான் சும்மா இருப்பார்கள்? மறுவருடம் அரசாங்கம் அப்படியே தலைகீழாகத் திரும்பியது, தண்ணீரை விவசாயத்துக்குத் திருப்பிவிட்டு ஆற்றில் ஓட்டத்தைக் குறைத்தது. 2002 செப்டம்பரில் முட்டையிட ஏறி வந்த சால்மன்கள் அந்தச் சூடான குறைந்த தண்ணீரில் நெருக்கியடித்து நின்று, செவுளில் நோய் பரவி, குறைந்தது 34,000 மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின. ஒரு வருடம் விவசாயிக்கு அடி, மறுவருடம் மீனவனுக்கு அடி. யாருக்கு எவ்வளவு என்று நல்ல காலத்திலேயே உட்கார்ந்து பேசி எழுதி வைக்காததுதான் இரண்டுக்கும் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் அந்தப் பூர்வகுடி மக்கள் விடாமல் போராடினார்கள், கடைசியில் 2023, 2024 ஆகிய இரண்டு வருடங்களில் நான்கு அணைகளை உடைத்து எடுத்தார்கள். கடைசி அணை போன சில வாரங்களிலேயே, 2024 அக்டோபரில், நூறு வருடத்துக்கும் மேலாக அடைபட்டிருந்த பகுதிக்குள் சால்மன் ஏறிவிட்டது.

சரி, இதை ஏன் ராமநாதபுரத்துக்காரன் எழுதுகிறான்?

வைகை அணையில் தண்ணீர் திறந்தால் பூர்வீகப் பாசனத்துக்கு ராமநாதபுரம், சிவகங்கை, மதுரை மாவட்டங்களுக்கு 7:3:2 என்று பங்கு பிரிப்பது உங்கள் வாசகர்கள் எல்லாருக்கும் தெரிந்ததுதான். நம் மாவட்டத்துக்கு ஏழு பங்கு என்று கேட்கப் பெருமையாக இருக்கிறது, கடைமடைக்கு எவ்வளவு வந்து சேர்கிறது என்பது வேறு கதை. ஆனால் அந்தக் கணக்கில் கடலுக்கு என்று ஒரு பங்கும் கிடையாது. பார்த்திபனூர் மதகணையில் பிரித்து, கண்மாய் கண்மாயாக நிரப்பி, கடைசியில் ராமநாதபுரம் பெரிய கண்மாயும் நிறைந்து, அதற்கு மேலும் மிச்சம் இருந்தால்தான் ஆற்றங்கரை முகத்துவாரத்துக்குத் தண்ணீர். வருஷநாட்டு மலையிலிருந்து 258 கிலோமீட்டர் ஓடி வருகிற ஆறு அழகன்குளத்துக்குப் பக்கத்தில் கடலைத் தொடுவது எப்போதாவது நடக்கிற விஷயமாகிவிட்டது. அப்படித் தொட்டால் அதுவே வீண் என்று செய்தியாகிறது. இது கடவுள் விதித்தது, வைகை கடலில் கலக்காத ஆறு என்று பெரியவர்கள் சொல்வார்கள். நான் அதை ஏற்கவில்லை. அழகன்குளத்தில் தோண்டியபோது ரோமானியர் காலத்துப் பொருட்கள் கிடைத்ததே, ஆறு கடலைத் தொட்ட இடத்தில்தானே துறைமுகம் இருந்திருக்கும்?

நம் வடகடலில் சால்மன் இல்லாவிட்டாலும் ஆற்றையும் கடலையும் இரண்டையும் நம்பி வாழ்கிற உயிர்கள் நிறைய இருக்கின்றன. மடவை கடலில் முட்டையிடும், குஞ்சுகள் முகத்துவாரத்துக்குள் வந்து உப்பும் நன்னீரும் கலந்த தண்ணீரில் வளரும். கொடுவாவும் அப்படித்தான், குஞ்சு பருவத்தில் உள்ளே ஏறி, வளர்ந்து முட்டையிடக் கடலுக்குத் திரும்பும். வெள்ளை இறால் குஞ்சும் பால்மீன் குஞ்சும் கரையோர உப்பங்கழிகளைத் தேடித்தான் வரும். விலாங்கு சால்மனுக்கு நேர் எதிர், ஆழ்கடலில் பிறந்து ஆற்றில் ஏறி வளர்ந்து, சாகும் முன் முட்டையிடக் கடலுக்குப் போகும். இவற்றுக்கெல்லாம் முகத்துவாரம் திறந்திருக்க வேண்டும், உள்ளே கொஞ்சமாவது நன்னீர் இருக்க வேண்டும். ஆற்றில் தண்ணீர் வராவிட்டால் அலை மணலைக் கொண்டுவந்து கொட்டி வாயை மூடிவிடும், உள்ளே தேங்கிய தண்ணீர் வெயிலில் சுண்டிக் கடலை விட உப்பாகிவிடும், குஞ்சு எப்படிப் பிழைக்கும்? நல்ல மழை பெய்து முகத்துவாரத்தில் செந்தண்ணீர் இறங்கினால் அடுத்து வருகிற வாரங்களில் மடவையும் இறாலும் நண்டும் நன்றாகப் படும் என்பதை எங்கள் பக்கத்தில் வத்தை என்கிற சிறு படகு ஓட்டுகிற எவரிடம் கேட்டாலும் சொல்வார். என் கடைத் தராசிலும் அதைப் பார்த்திருக்கிறேன்.

ஆறு கொண்டுவருவது வெறும் தண்ணீரும் இல்லை. வண்டலும் சத்தும் சேர்ந்து வரும், அதில்தான் கண்ணுக்குத் தெரியாத பாசி வளரும், அதைத் தின்றுதான் சின்ன மீன் வளரும், சின்ன மீனைத் தின்று பெரிய மீன். எகிப்தில் நைல் நதியின் குறுக்கே அஸ்வான் உயர் அணையைக் கட்டி 1964-லிருந்து தண்ணீரைத் தேக்க ஆரம்பித்ததும் என்ன ஆயிற்று என்று பாருங்கள். 1962-ல் அந்தக் கடலோரத்தில் 18,000 டன் அளவுக்குப் பிடிபட்ட மத்தி வகை மீன், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஆயிரம் டன்னுக்கும் கீழே போய்விட்டது. வெள்ளம் நின்றதும் கடலில் இரை நின்றுபோனது.

நம் நாட்டிலேயே வேண்டுமானால் உல்லத்தைப் பாருங்கள், வங்காளத்தில் ஹில்சா என்று உயிரை விடுவார்களே, அதுதான். சால்மனைப் போலவே கடலிலிருந்து ஆற்றில் ஏறி முட்டையிடும். கங்கையில் அலகாபாத் வரைக்கும் ஏறிய மீன், 1975-ல் ஃபராக்கா தடுப்பணை வந்தபின் அங்கேயே நின்றுவிட்டது. நம் காவிரியிலும் ஏறிக்கொண்டிருந்த மீன்தான் அது. கொள்ளிடத்து அணைகளும் 1934-ல் மேட்டூர் அணையும் வந்த பிறகு படிப்படியாக அற்றுப்போனது. இன்றைக்குக் காவிரிக்கரைப் பிள்ளைகளிடம் கேட்டால் அப்படி ஒரு மீன் அந்த ஆற்றில் ஏறியதே தெரியாது.

மீன் குறைந்ததற்கு ஆறு மட்டும்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. இரட்டைமடி வலையும் சுருக்குமடி வலையும் செய்த நாசத்தைக் கடற்கரையில் இருக்கிற நாங்கள் மறைக்க முடியாது, கடல் சூடாவதும் உண்மை. ஆனால் மீன் குறைந்தது என்றால் உடனே மீனவனைப் பிடித்துத் தடைக்காலம், வலைக்கண் அளவு என்று பேசுகிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் கிடக்கின்றன, வேண்டியதுதான், ஒப்புக்கொள்கிறோம். அதே அக்கறையோடு ஆற்றின் பக்கம் ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. வைகையில் மணலை அள்ளி அள்ளிப் படுகையைப் பள்ளமாக்கியாயிற்று, வழியெல்லாம் சீமைக்கருவேலம், மதுரைச் சாக்கடை நேராக ஆற்றுக்குள். அமெரிக்காவில் சியாட்டில் பக்கம் முதல் மழைக்கு ரோட்டுத் தண்ணீர் ஓடையில் இறங்கியதும் கோகோ சால்மன்கள் முட்டையிடும் முன்பே கூட்டமாகச் செத்துக்கொண்டிருந்தன, ஏன் என்று பல வருடம் தேடி, கார் டயரில் கலக்கிற ஒரு ரசாயனத்திலிருந்து உண்டாகும் நச்சு என்று 2020-ல் கண்டுபிடித்தார்கள். நம் ஆற்றின் முதல் தண்ணீரில் என்னென்ன வருகிறது என்று முகத்துவாரத்தில் எடுத்துப் பரிசோதித்து ஊருக்குச் சொன்னால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

ஆறு கெட்டால் குஞ்சு விட்டுச் சரிசெய்துவிடலாம் என்று ஒரு எண்ணம் இருக்கிறது. மண்டபம் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தினர் பாக் விரிகுடாவில் பச்சை வரி இறால் குஞ்சுகளை வளர்த்து விடுகிறார்கள், நல்ல வேலை, அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சால்மன் நாடுகள் நூறு வருடத்துக்கு மேலாகக் கோடி கோடியாகக் குஞ்சு விட்டுப் பார்த்துவிட்டன. தொட்டியில் பிறந்த மீன் ஆற்று மீனோடு கலந்து, இயற்கையில் பிழைக்கிற திறன் குறைந்ததுதான் மிச்சம் என்று அங்குள்ள விஞ்ஞானிகளே எழுதுகிறார்கள். பிழைக்க இடம் இல்லாத தண்ணீரில் குஞ்சு விட்டு என்ன பலன்?

சின்ன விஷயம் ஒன்று, ஆனால் எனக்குப் பெரிதாகப் பட்டது. வாஷிங்டன் மாநிலத்தில் ரோட்டுக்கு அடியில் ஓடையைக் கடத்தப் போட்ட குழாய்கள் பல இடத்தில் ஓடை மட்டத்துக்கு மேலே தொங்கிக்கொண்டிருக்க, சால்மனால் ஏற முடியவில்லை. 1974-ல் நீதிபதி போல்ட், அந்தப் பகுதி மீனில் பாதி பூர்வகுடிகளுக்கு உரியது என்று தீர்ப்புச் சொல்லியிருந்தார். மீனே ஏற வழியில்லாதபோது பாதி எங்கிருந்து வரும் என்று அவர்கள் மறுபடி வழக்குப் போட்டார்கள். அது உச்ச நீதிமன்றம் வரை போய் 2018-ல் நீதிபதிகள் சரிபாதியாகப் பிரிந்தனர், அதனால் கீழ்க்கோர்ட் உத்தரவு நின்றது, மாநில அரசு நூற்றுக்கணக்கான குழாய்களை மாற்றிக்கொண்டிருக்கிறது. நம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் எத்தனை ஓடை, எத்தனை கழி குறுக்கே போகிறது! எத்தனை இடத்தில் ரெண்டு குழாயைப் போட்டு மண்ணைக் கொட்டி மூடியிருக்கிறார்கள் என்று தொண்டியிலிருந்து தேவிபட்டினம் வரை ஒருமுறை நடந்து பார்த்தாலே தெரியும். நான் பார்த்த மதகணைகளிலும் மீன் ஏற ஒரு வழி வைத்ததைக் கண்டதில்லை. வாசல் வைக்காமல் வீடு கட்டுகிற வேலை இது.

விவசாயி அண்ணன்மார் இதைப் படித்துவிட்டு மீனவன் நம் தண்ணீரைக் கேட்கிறான் என்று நினைக்க வேண்டாம். முதுகுளத்தூர், கமுதி, திருவாடானைப் பக்கம் வானத்தைப் பார்த்து நெல்லும் முண்டு மிளகாயும் போடுகிறவர்கள் படுகிற பாடு எங்களுக்குத் தெரியும், எங்கள் வீட்டில் பெண் எடுத்ததும் கொடுத்ததும் அந்த ஊர்களில்தான். கண்மாய் நிறைய வேண்டும், குடிநீர் வேண்டும், அதில் இரண்டாவது பேச்சு இல்லை. நான் கேட்பது வெள்ளக் காலத்தில் ஒரு சிறு பங்கு, முகத்துவாரம் திறந்து கொஞ்ச நாள் ஓடுகிற அளவுக்கு, சரியான மாதத்தில், மிச்சமாக இல்லாமல் உரிமையாக எழுதப்பட்டதாக. வரத்துக் கால்வாய்களைத் தூர்வாரி, கண்மாய்களை ஆழப்படுத்தி, கருவேலத்தை எடுத்தாலே இந்தப் பங்குக்கு மேல் தண்ணீர் மிஞ்சும் என்பது என் நம்பிக்கை.

இதை இப்போதே எழுதி வைக்க வேண்டியதற்கு ஒரு காரணம் இருக்கிறது. காவிரி–வைகை–குண்டாறு இணைப்புத் திட்டத்துக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். மாயனூரில் தொடங்கி 262 கிலோமீட்டர் கால்வாய். காவிரியின் உபரி வெள்ளம் நம் வறண்ட மாவட்டத்துக்கு வரும் என்றால் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் குண்டாறு மூக்கையூருக்குப் பக்கத்தில் மன்னார் வளைகுடாவில் சேர்கிற ஆறு, அது 21 தீவுகளும் பவளப்பாறையும் இருக்கிற கடல், 1989-லிருந்து உயிர்க்கோளக் காப்பகம். புதுத் தண்ணீர் வந்தால் கடைசியில் அந்தத் தென்கடலுக்கு எவ்வளவு, எந்த மாதத்தில், எவ்வளவு சுத்தமாக என்று திட்டத்திலேயே எழுத வேண்டும். அந்தப் பக்கம் காவிரியின் வாயில் நிற்கிற பூம்புகார், தரங்கம்பாடி மீனவனுக்கு எவ்வளவு குறையும் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். கால்வாய் முழுக்க வெட்டி முடித்துவிட்டு அப்புறம் பேசினால் கிளாமத் மக்களைப் போல நம் பேரப்பிள்ளைகள்தான் கோர்ட்டுக்கு அலைவார்கள்.

கலெக்டர் அலுவலகத்தில் விவசாயிகள் குறைதீர் கூட்டம் தனியாக நடக்கிறது, மீனவர் குறைதீர் கூட்டம் தனியாக நடக்கிறது. ஆற்றுத் தண்ணீர்ப் பேச்செல்லாம் முதல் கூட்டத்தில். எங்கள் கூட்டத்தில் டீசல் மானியம், இலங்கைக் கடற்படை, படகுத்துறை, அதோடு சரி. அடுத்த முறை வைகை அணையைத் திறப்பதற்கு முன்னால் இரண்டு கூட்டத்தையும் ஒரே நாளில் ஒரே மேஜையில் வைக்கச் சொல்லி உங்கள் பத்திரிகை எழுத வேண்டும். நீர்வளத்துறை அதிகாரிகள் ஆற்றங்கரை முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்குப் போன தண்ணீரின் வருடவாரிக் கணக்கை எடுத்து வரட்டும். நாங்கள் எங்கள் மீன்பாட்டுக் கணக்கைக் கொண்டு வருகிறோம், எந்த வருடம் மடவை எவ்வளவு, இறால் எவ்வளவு, என்ன விலைக்குப் போனது என்று இந்தக் கரையில் உள்ள கமிஷன் கடைகளில் பழைய நோட்டுகள் கட்டுக்கட்டாக இருக்கின்றன, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் பங்கைப் பேசலாம்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்,
தேவிபட்டினம், ராமநாதபுரம் மாவட்டம்